மரப்பாச்சியை 30 கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்பி, பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவருவது எப்படி

வானிலை பலூனைக் கையிலிருந்து விட்டால் அது தானே மேலே போகும், உயரத்தில் வெடிக்கும், அதில் தொங்கும் பெட்டி கேமராவோடும் பொம்மையோடும் பாராசூட்டில் கீழே வரும். அதற்கு வழிகாட்டி எதுவும் வேண்டாம். பெட்டி எங்கே விழும், அதைப் போய் எடுப்பது யார், எடுக்கும்போது பொம்மைக்குக் கை கால் இருக்குமா என்ற மூன்று கேள்விகளுக்குத்தான் வழிகாட்டி தேவைப்படுகிறது. அதனால் இந்தக் கட்டுரையைக் கடைசியிலிருந்து, அதாவது பெட்டி தரையைத் தொடும் இடத்திலிருந்து தொடங்குகிறேன்.

நாங்கள் ஜோகன்னஸ்பர்க்கின் தெற்கே லெனேசியாவில் சனிக்கிழமை தோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் சிறு கூட்டம். 2008 டிசம்பரில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர்கள், பள்ளிப் பிள்ளைகள் உடை தைத்துக் கொடுத்த கரடிப் பொம்மைகளை 30 கி.மீ. உயரத்துக்கு அனுப்பினார்கள். 2012 ஜனவரியில் டொராண்டோவைச் சேர்ந்த இரண்டு 17 வயது மாணவர்கள் கனடாக் கொடி பிடித்த லெகோ மனிதனைச் சுமார் 24 கி.மீ. உயரத்தில் படம் பிடித்தார்கள். இந்தக் கதையைச் சொன்னது என் தவறு. "நம் பொம்மை எப்போது போகும்?" என்று கேட்டுப் பிள்ளைகள் என்னை இருக்கவிடவில்லை. இதுவரை இரண்டு முறை அனுப்பியிருக்கிறோம். முதல் முறை சொதப்பல். இங்கே எழுதுவதில் பாதி அந்தச் சொதப்பலில் படித்த பாடம்.

முதலில் ஒரு நேர்மை. 30 கி.மீ. உயரம் விண்வெளி அல்ல. விண்வெளியின் எல்லையாகப் பலரும் ஏற்பது 100 கி.மீ. நம் பெட்டி போவது அடுக்கு மண்டலத்துக்கு. ஆனால் அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் நூற்றில் ஒரு பங்குதான். நண்பகலிலும் வானம் கறுப்பாக இருக்கும். தொடுவானம் 600 கி.மீ.க்கு அப்பால் வளைந்து தெரியும். அந்தப் படத்தில் நம் பொம்மை நின்றால் போதாதா?

விழும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

டர்பனில் இருக்கும் சொந்தக்காரர்கள், "இங்கே கடற்கரையிலிருந்து விடலாமே" என்றார்கள். விடலாம், பொம்மையை இந்துமாக்கடலுக்குத் தாரை வார்க்க மனமிருந்தால். தென்னாப்பிரிக்காவின் மேல்காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்காக அடிக்கிறது. குளிர்காலத்தில் 12 கி.மீ. உயரத்தில் ஓடும் தாரைக்காற்று மணிக்கு 150 கி.மீ. வேகத்தைச் சாதாரணமாகத் தாண்டும். ஆகவே ஏவும் இடத்துக்குக் கிழக்கே குறைந்தது 150 கி.மீ. வெறும் நிலம் இருக்க வேண்டும். பெரிய ஊர், விமான நிலையம், அணை எதுவும் வழியில் குறுக்கிடக் கூடாது.

நாங்கள் தேர்ந்தது வடகேப் மாகாணத்து ஹோப்டவுனின் சுற்றுப்புறம். லெனேசியாவைத் தொட்டுக்கொண்டு போகும் என்12 நெடுஞ்சாலையில் ஏறினால் கிம்பர்லியைத் தாண்டி நேராக அங்கே கொண்டுபோய் விடும். தரையே கடல் மட்டத்துக்கு ஆயிரம் மீட்டருக்கு மேலே. மரம் குறைவு, ஆட்டுப் பண்ணைகள் அதிகம். (1860களில் இந்த ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகள் ஐந்தாங்கல் ஆடிக்கொண்டிருந்த கற்களில் ஒன்றுதான் பிறகு 'யுரேகா' வைரம் என்று பெயர் பெற்றது என்பார்கள். விளையாட்டுப் பொருளை வானத்துக்கு அனுப்ப இதைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை.) கிழக்கே ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தின் தெற்குச் சமவெளி. இரண்டு இடங்களில் முக்கியமாகக் கவனம் வேண்டும்: தென்கிழக்கில் நாட்டின் மிகப் பெரிய நீர்த்தேக்கமான கரீப் அணை, அதற்கும் கிழக்கே லெசோத்தோ. அந்த மலைநாட்டுக்குள் பெட்டி இறங்கிவிட்டால் கடவுச்சீட்டோடு எல்லையைத் தாண்டிப் போய், மலையேறி எடுக்க வேண்டும். எதற்கும் எல்லோரும் கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள்.

பெட்டி எங்கே விழும் என்று முன்கூட்டியே கணிக்க இலவசக் கணிப்பான்கள் இணையத்தில் உள்ளன. நாங்கள் பயன்படுத்துவது சோண்ட்ஹப் தளத்தின் கணிப்பான். ஏவும் இடம், நேரம், ஏறும் வேகம், வெடிக்கும் உயரம், இறங்கும் வேகம் ஆகியவற்றைக் கொடுத்தால் வரைபடத்தில் பாதையைக் கோடாகக் காட்டும். ஐந்து நாளுக்கு முன்பிருந்து தினமும் போட்டுப் பாருங்கள். விழும் புள்ளி நாளுக்கு நாள் தாவிக்கொண்டே இருந்தால் அந்த வாரம் வேண்டாம். இரண்டு நாளுக்கு முன்பிருந்து ஓரிடத்தில் அமர்ந்துவிட்டால் கிளம்பலாம்.

பருவம் என்றால் மார்ச் கடைசியும் ஏப்ரலும். கோடையில் பிற்பகல் தோறும் இடிமழை, குளிர்காலத்தில் தாரைக்காற்று. இரண்டுக்கும் நடுவில், அடுக்கு மண்டலக் காற்று திசை மாறுகிற இந்த வாரங்களில் பெட்டி அதிக தூரம் போவதில்லை. ஈஸ்டர் விடுமுறையும் அப்போதுதான்.

அனுமதி

இதைத் தாண்டிக் குதிக்க நினைக்காதீர்கள். உங்கள் பலூன் பயணிகள் விமானங்கள் பறக்கும் உயரத்தை ஏறும்போது ஒரு முறை, இறங்கும்போது ஒரு முறை கடக்கிறது. தென்னாப்பிரிக்க சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்துக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். இரண்டு மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். ஏவும் இடம், நேர இடைவெளி, கணித்த பாதை, மொத்த எடை, தொடர்பு எண் எல்லாம் அதில் இருக்கட்டும். வான்வழிக் கட்டுப்பாட்டைப் பார்த்துக்கொள்ளும் ஏ.டி.என்.எஸ். நிறுவனத்தோடும் பேச வேண்டும். விமானிகளுக்கு 'நோட்டாம்' என்ற அறிவிப்பு போகும். ஏவும் நாளிலும், ஏவுவதற்கு முன் தொலைபேசியில் ஒரு வார்த்தை.

அனைத்துலக விதிகளின்படி சுமை 4 கிலோவுக்குக் குறைவாக இருந்தால் அது 'இலகுரக' பலூன். நம் பெட்டி 1.2 கிலோதான். ஆனால் கயிற்றையும் பாருங்கள்: 230 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 23 கிலோ எடையின் இழுப்புக்குள் அறுந்துபோகும் கயிறாக இருக்க வேண்டும். ஒரு விமானம் மோதினால் கயிறு அறுந்து விலக வேண்டுமே தவிர இறக்கையைச் சுற்றிக்கொள்ளக் கூடாது. "நல்ல உறுதியான கயிறு" என்று கடையில் கேட்கும் பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள்.

எந்தப் பொம்மை

எங்கள் முதல் தேர்வு தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை. பிள்ளைகளுக்கு அதன் மேல் அவ்வளவு ஆசை. ஊசிமுனையில் நிற்கும் தலை கழன்றுவிடாமல் இருக்கச் சூட்டுப்பசை வைத்து ஒட்டினேன். கடுங்குளிரில் சூட்டுப்பசை கண்ணாடிபோல் விறைத்துப் பிடியை விட்டுவிடும் என்று அப்போது எனக்குத் தெரியாது. பிறகு காணொளியில் பார்த்தோம்: ஏறிய ஐம்பதாவது நிமிடத்தில் பொம்மை ஒரு முறை அழகாகத் தலையாட்டியது. அடுத்த நொடி தலை இல்லை. உடல் மட்டும் ஆடிக்கொண்டே மேலே போனது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினைந்து கிலோமீட்டர் உயரத்திலிருந்து கைப்பிடியளவு காகிதக்கூழ்த் தலை ஒன்று யார் முற்றத்திலோ விழுந்திருக்கிறது.

எனவே விதி ஒன்றுதான்: எதுவும் கழன்று விழக் கூடாது. உள்ளே காற்று அடைபட்ட பிளாஸ்டிக் பொம்மை வேண்டாம். வெளியழுத்தம் குறையக் குறைய உப்பி மூட்டு பிரிந்துகொள்ளும். வேண்டுமானால் முதுகில் சிறு துளை போடுங்கள். பேட்டரிப் பொம்மை என்றால் பேட்டரியைக் கழற்றுங்கள். பஞ்சுப் பொம்மை நல்லதுதான், ஆனால் ஈரம் குடித்தால் எடை கூடும்.

இரண்டாம் முறை அனுப்பியது மரப்பாச்சி. முழுக்கட்டையில் செதுக்கியது, ஒட்டு இல்லை, மூட்டு இல்லை, உள்ளே காற்றில்லை. விண்வெளிக்கென்றே நம் முன்னோர் செய்துவைத்ததுபோல் இருந்தது. நடுவிரல் நீளத்தில் ஆணும் பெண்ணுமாக ஒரு சோடி. ஒன்றை மட்டும் அனுப்பலாம் என்றேன். ஜோடியைப் பிரிக்கக் கூடாது என்று ஒரு பாட்டி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சமையலறைத் தராசில் இரண்டும் சேர்த்து 140 கிராம் வந்தது. ஒத்துக்கொண்டேன்.

பெட்டியிலிருந்து 40 செ.மீ. நீட்டிய மெல்லிய மரக்குச்சியின் நுனியில் சின்னப் பலகை. அதில் பொம்மைகளைப் பருத்தி நூலால் இடுப்பிலும் காலிலும் கட்டி முடிச்சுப் போட்டோம். பசை, ஒட்டுநாடா எதையும் நம்பவில்லை. அகலக் கோணக் கேமராவுக்கு இந்தத் தொலைவில் பொம்மையும் தெளியும், தொடுவானமும் தெரியும். ஒரு எச்சரிக்கை: மீன்கண் வில்லை போட்டால் வீட்டுக் கூரைகூட வளைந்துதான் தெரியும். பிள்ளைகளிடம் "பூமி உருண்டை, பார்" என்று காட்டும்போது தொடுவானம் படத்தின் நடுக்கோட்டில் செல்லும் சட்டகத்தைக் காட்டுங்கள். அங்கே வில்லையின் பொய் மிகக் குறைவு.

பெட்டியும் உள்ளே இருப்பவையும்

சாதாரணத் தெர்மாகோல் குளிர்பெட்டி போதும். வெளியே 12 முதல் 18 கி.மீ. வரை மைனஸ் 55, 60 டிகிரி குளிர். பெட்டிக்குள் அவ்வளவு இறங்காது. கேமராவும் கருவிகளும் தாமே சூடு விடும். சொல்லப்போனால் கேமராவுக்கு எதிர்ச் சிக்கல்தான்: மேலே காற்றே இல்லாததால் சூடு வெளியேற வழியின்றித் தன் சூட்டிலேயே அணைந்துவிடும். வில்லை மட்டும் அல்லாமல் கேமராவின் முகப்பையே பெட்டிக்கு வெளியே தெரியும்படி வையுங்கள். பெட்டியைக் காற்றுப்புகாமல் அடைக்காதீர்கள். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் இரண்டைப் போடுங்கள். இல்லாவிட்டால் இறங்கும்போது வில்லையில் பனி படரும்.

சாதாரண ஆல்கலைன் பேட்டரி குளிரில் செத்துவிடும். மீண்டும் சார்ஜ் செய்ய முடியாத லித்தியம் ஏஏ பேட்டரிகள் மைனஸ் 40 டிகிரி வரை தாங்கும். அவற்றை மட்டும் வாங்குங்கள்.

பெட்டியின் நான்கு பக்கமும் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள்: 'ஆபத்தில்லை. பள்ளிப் பிள்ளைகளின் பொருள். இந்த எண்ணை அழையுங்கள்.' ஆங்கிலம், ஆஃப்ரிகான்ஸ், செசோத்தோ மூன்றிலும். எங்கள் முதல் பெட்டியைக் காப்பாற்றியது எந்தக் கருவியும் அல்ல, இந்தக் காகிதம்தான். நான்கு மாதம் கழித்து ஓர் ஆட்டிடையர் அதைப் படித்து அழைத்தார்.

இடங்காட்டி

முதல் பெட்டி ஏன் நான்கு மாதம் கிடந்தது? நான் வாங்கிய மலிவு ஜி.பி.எஸ். கருவி 12,000 மீட்டரில் பேசுவதை நிறுத்திவிட்டது. பல ஜி.பி.எஸ். சில்லுகளில், மாற்றாவிட்டால், உயர வரம்பு 12 கி.மீ. வேறு சிலவற்றில் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக் காலத்து வழக்கமாக 18 கி.மீ. சில்லுக்கு 'வான்பயண' முறை உண்டா என்று பார்த்து வாங்குங்கள், அதற்கு மாற்றிய பிறகே அனுப்புங்கள். அந்த முறையில் யூபிளாக்ஸ் நிறுவனத்தின் சில்லுகள் 50 கி.மீ. வரை வேலை செய்யும்.

ஒன்றல்ல, இரண்டு இடங்காட்டி வேண்டும், இரண்டும் வேறு வேறு வகையாக. ஒன்று ரேடியோ. இருக்கும் இடத்தை ரேடியோ வழியாகச் சொல்லிக்கொண்டே இருக்கும், 144.800 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் ஏ.பி.ஆர்.எஸ். முறைக்கு அமெச்சூர் வானொலி உரிமம் தேவை. உங்களிடம் இல்லையென்றால் இருப்பவரைக் கூட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். நாட்டில் இதற்கென்றே பலூன் விடும் ஆர்வலர்கள் உண்டு, உதவி கேட்டால் முகம் சுளிப்பதில்லை. மற்றொன்று செயற்கைக்கோள் வழி இடம் சொல்லும் கருவி. அதன் முகம் வானத்தைப் பார்க்க வேண்டும். பெட்டி கவிழ்ந்து விழுந்தால் ஊமையாகிவிடும் என்பதால் பெட்டியின் அடியில் கனத்தை வையுங்கள். கைபேசிக் கோபுரத்தை நம்பும் கருவி கரூ என்ற இந்த வறண்ட நிலப்பகுதியில் பாதி இடங்களில் பயனில்லை.

இந்த நாட்டுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. கர்னார்வன் அருகே மீர்கேட் வானொலித் தொலைநோக்கி இருக்கிறது. அதைச் சுற்றிய பகுதி ரேடியோ அமைதிக்காக 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்படுகிறது. ஹோப்டவுன் தொலைவுதானே என்று நினைக்காதீர்கள். 30 கி.மீ. மேலே போன பெட்டியின் தொடுவானம் 600 கி.மீ. என்று முன்பே சொன்னேன். அது பேசுவது அந்த ஆன்டெனாக்களின் காதில் விழும். மீர்கேட்டின் ஏற்பிகளில் ஒன்று 580 முதல் 1015 மெகாஹெர்ட்ஸ் வரை கேட்கிறது. ஆகவே 868இல் இயங்கும் மலிவுக் கருவிகள் வேண்டவே வேண்டாம். 433 பரவாயில்லை என்று சொல்ல வந்தேன், ஆனால் கருவியிலிருந்து இரட்டிப்பு அலைவரிசையும் கொஞ்சம் கசியலாம், அது 866! எந்த அலைவரிசை, எத்தனை மில்லிவாட் என்று எழுதி அவர்களிடமே முன்கூட்டிக் கேட்டுவிடுவது நல்லது.

பலூனும் தண்ணீர் பாட்டில் கணக்கும்

1.2 கிலோ சுமைக்கு 1000 கிராம் லேடெக்ஸ் பலூன் சரி. தரையில் ஏறக்குறைய இரண்டு மீட்டர் குறுக்களவில் இருப்பது, மேலே அழுத்தம் குறையக் குறைய விரிந்து கிட்டத்தட்ட எட்டு மீட்டரில் வெடிக்கும். எங்கள் கணக்குப்படி வெடிக்கும் உயரம் 30 கி.மீ.க்குச் சற்று மேலே.

வாயு ஹீலியம். ஃப்ரீ ஸ்டேட்டின் வெர்ஜீனியாப் பக்கத்து நிலத்தடி வாயுவிலேயே ஹீலியம் இருக்கிறது. ஆனாலும் செலவுப் பட்டியலில் முதலிடம் இதற்குத்தான். ஹைட்ரஜன் மலிவு, ஆனால் பிள்ளைகள் சுற்றி நிற்கும் இடத்தில் அதைப் பற்றிப் பேசவே நான் தயாரில்லை. பிறந்தநாள் பலூனுக்கு விற்கும் வாயுவில் காற்றும் கலந்திருக்கலாம். உருளையின் அளவுமானி காட்டுவதை வைத்து நிரப்பினால் ஏமாந்துபோவீர்கள்.

எவ்வளவு நிரப்புவது? நொடிக்கு 5 மீட்டர் ஏற வேண்டுமென்றால், சுமையைத் தூக்கிய பிறகும் ஏறக்குறைய 1.2 கிலோ தூக்குவிசை மிச்சமிருக்க வேண்டும். சுமை 1.2, மிச்சம் 1.2, ஆக 2.4 கிலோ. ஒரு பெரிய தண்ணீர் பாட்டிலைத் தராசில் வைத்து, பாட்டிலோடு சேர்த்து 2.4 கிலோ வரும்வரை தண்ணீர் ஊற்றுங்கள். அதைப் பலூன் கழுத்தில் தொங்கவிட்டு வாயுவைத் திறந்துவிடுங்கள். முதலில் பாட்டில் தரையில் அசையாமல் நிற்கும். பிறகு ஒரு பக்கம் லேசாகத் தூக்கும். பிறகு எழும்பாமலும் அமராமலும் புல்நுனியை உரசிக்கொண்டு தயங்கும். அந்த நொடியில் வால்வை மூடுங்கள். உயரத்தாலோ கலப்பு வாயுவாலோ வரும் பிழை எல்லாம் இந்த ஒரு சோதனையில் தீர்ந்துவிடும். அதிகம் நிரப்பினால் வேகமாக ஏறிச் சீக்கிரம் வெடிக்கும், எட்டும் உயரம் குறைந்துவிடும். குறைவாக நிரப்பினால் மெதுவாக மிதந்துகொண்டே லெசோத்தோவுக்குப் புறப்பட்டுவிடும். இரண்டில் முதல் தவறு மேல்.

பாராசூட் 1.2 மீட்டர் குறுக்களவு. தரைக்கு அருகே நொடிக்கு 5 மீட்டரில் இறக்கும். வெடித்தவுடன் மட்டும் பிடித்துக்கொள்ளக் காற்றில்லாமல் மணிக்கு 130 கி.மீ.க்கு மேல் விழும். படத்தில் உலகமே சுழலும், பயப்பட வேண்டாம். மேலிருந்து வரிசை: பலூன், 5 மீட்டர் கயிறு, விரித்தபடியே கட்டிய பாராசூட், 10 மீட்டர் கயிறு, பெட்டி. பெட்டியை ஒரே புள்ளியில் தொங்கவிடாமல் நான்கு மூலையிலும் கட்டினால் சுழற்சி குறையும்.

கிளம்பும் முன் ஒத்திகை. எல்லாவற்றையும் பெட்டியில் அடைத்து இரவு முழுவதும் உறைபெட்டியில் வையுங்கள். காலையில் மாடியிலிருந்து கீழே போடுங்கள். பிறகும் வேலை செய்தால்தான் அது வானத்துக்கு.

ஏவும் காலை

விடியலில் காற்று அசையாத நேரம். பலூனை விரிக்கச் சுத்தமான பருத்தித் துணி வேண்டும். எங்களுக்கு ஒரு பழைய சேலை. வளையல், மோதிரம் எல்லாம் கழற்றியாக வேண்டும். பருத்திக் கையுறை போடாமல் ரப்பரைத் தொடக் கூடாது. நகக்கீறலும் கையின் எண்ணெய்ப்பசையும் தரையில் ஒன்றும் செய்யாது. 20 கி.மீ.யில் அந்த இடத்தில்தான் கிழியும்.

கேமராவையும் இடங்காட்டிகளையும் முதலில் இயக்குங்கள். அவை இடத்தைப் பிடித்துவிட்டதைக் கண்ணால் பார்த்த பிறகே வாயு. கழுத்தைக் கட்டி, மடித்து, மறுபடி கட்டுங்கள். வான்வழிக் கட்டுப்பாட்டுக்குத் தொலைபேசி. பிறகு ஒருவர் பலூன், ஒருவர் பாராசூட், ஒருவர் பெட்டி. காற்றாடிக்கு நூல் விடுவதுபோல் பலூனை மெல்ல மேலே விடுங்கள். பெட்டி வைத்திருப்பவர் காற்றடிக்கும் பக்கமாக நடந்து, கயிறு தலைக்கு நேரே நிமிர்ந்ததும் கையை எடுத்தால் போதும். எறிய வேண்டாம். அவர் கை நடுங்கும், அதனால் ஒரு பெரியவரிடமே கொடுங்கள். எண்ணிக்கையை மட்டும் பிள்ளைகள் சொல்லட்டும். எங்கள் வகுப்பில் 'பத்து, ஒன்பது' என்று தமிழில் பின்னாலிருந்து எண்ணக் கற்றுக்கொண்டதே இதற்காகத்தான்.

தேடிப்போதல்

ஏறுவதற்குச் சுமார் 100 நிமிடம், இறங்குவதற்கு 40 நிமிடத்துக்குள். உங்களிடம் இரண்டேகால் மணி நேரம் இருக்கிறது. ஒரு பக்கி வண்டி (பின்பக்கம் திறந்த சிறு சரக்கு வண்டியை இங்கே அப்படித்தான் சொல்வோம்) ஏவுவதற்கு முன்பே கணித்த இடத்துக்குப் போயிருக்கட்டும். மற்றொன்று பின்னால் வரட்டும். பெட்டி தரைக்கு அருகே வந்ததும் ரேடியோ மேட்டுக்குப் பின்னால் மறைந்துவிடும். கடைசியாக வந்த இடத்தை உடனே காகிதத்தில் எழுதுங்கள்.

பெட்டி விழுவது அநேகமாக யாரோ ஒருவரின் பண்ணையில். வேலியைத் தாண்டிக் குதித்து உள்ளே போகாதீர்கள். பண்ணை வீட்டைத் தேடிப்போய்க் கேளுங்கள். மூத்த ஆணை ஆஃப்ரிகான்ஸில் 'ஓம்' என்றும், பெண்ணை 'டான்னி' என்றும் அழைப்பது மரியாதை. நான் வாசலில் நின்று "ஓம்…" என்று தொடங்கியதும் பின்னால் நின்ற பிள்ளைகள் கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார்கள். அந்தப் பெரியவருக்கு விளக்கிச் சொல்லக் கால் மணி நேரம் ஆனது. அதற்குள் அவர் தம் பக்கியை எடுத்துவிட்டார். பண்ணைக் கதவுகளுக்கு ஒரே விதி: திறந்திருந்தது திறந்தபடி, மூடியிருந்தது மூடியபடி. புல்லில் நடக்கக் கணுக்கால் மறைக்கும் காலணி போடுங்கள், விரியன் பாம்புகள் உண்டு.

பெட்டி கண்ணில் பட்டதும் ஓடிப்போய்த் தூக்காதீர்கள். கிடந்தபடியே ஒரு படம். பிறகு இடங்காட்டிகளை அணையுங்கள், கேமராவின் நினைவட்டையைக் கழற்றித் தனி உறையில் போடுங்கள். பலூனின் கிழிந்த ரப்பர்த் துண்டுகளைத் தேடி எடுங்கள், ஆடு தின்றுவிடும். எங்கள் மரப்பாச்சிகள் முள்செடி ஒன்றில் தலைகீழாகத் தொங்கின. பெண் பொம்மையின் தோளில் மயிரிழையாக ஒரு வெடிப்பு. மற்றபடி கட்டிய நூல்கூட அவிழவில்லை. வான்வழிக் கட்டுப்பாட்டை அழைத்து, இறங்கிவிட்டது என்று சொல்லுங்கள். வீடு வந்ததும் செய்யும் முதல் வேலை, வெடிப்பதற்குச் சற்று முன் எடுத்த படத்தைப் பெரிதாக அச்செடுத்து அந்தப் பண்ணைக்காரருக்கு அஞ்சலில் அனுப்புவது. எங்கள் ஓம் அதில் தம் பண்ணை எங்கே என்று கேட்டு அழைத்தார். மேகமில்லாத அந்தப் பழுப்பு நிலத்தில், பொம்மையின் இடது முழங்கைக்குக் கீழே, ஊசிமுனையால் ஒரு புள்ளி வைத்து மறுபடியும் அனுப்பினோம்.